முந்தின வாரம்

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நான் களி கிண்டிக்கொண்டிருந்தபோது, என் கணவர் சமையலறை வாசலில் வந்து நின்று, "ஏம்மா, ஆவணியில ஒரு பத்து நாள் வெளிநாடு போலாமா?" என்று கேட்டார்.

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் என்னை அழைத்துப்போன அதிகபட்ச தூரம் மைசூர். அதுவும் கம்பெனி ஏற்பாடு செய்த பஸ்ஸில், அறுபது பேரோடு. அதனால் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"எந்த வெளிநாடு? அத்திப்பள்ளியா?" என்றேன். அத்திப்பள்ளி ஓசூரைத் தாண்டி கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் வருகிற முதல் ஊர். பஸ் ஏறினால் இருபது நிமிடம்.

அவர் சிரிக்கவில்லை. "மாண்டிநீக்ரோ. சின்ன நாடுதான். ஒரு பக்கம் பூரா மலை, ஒரு பக்கம் கடல். போன்ல பாத்தேன், நல்லா இருக்குது" என்றார்.

துடுப்பு என் கையில் அப்படியே நின்றுவிட்டது. களி அடிபிடித்த வாசனை வந்த பிறகுதான் எனக்கு நினைவு திரும்பியது. "அது எங்க இருக்குது?" என்று கேட்டேன். எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் ஒரே மகள் பத்தொன்பது மாதமாக அங்கேதான் இருக்கிறாள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் அடுத்த மூன்று மாதம் ஏன் பைத்தியக்காரி மாதிரி நடந்துகொண்டேன் என்று யாருக்கும் புரியாது. மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போன இடத்தில் ஆனேக்கல் பக்கத்துப் பையன் ஒருவரை விரும்பினாள். ஓட்டல் சமையல்காரர், கன்னடக்காரர். வேறு சாதி, வேறு பாஷை, அடுப்படி வேலை என்று என் கணவர் மூன்று காரணங்களை விரல்விட்டு எண்ணிச் சொன்னார். பாஷை என்பது வெறும் சாக்கு. சிப்காட்டில் அவர் ஃபோர்மேனாக இருக்கிற, இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் பாதிப் பேர் கன்னடம்தான் பேசுவார்கள். இவருக்கும் அது தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் அவள் ரிஜிஸ்டர் ஆபீஸில் மாலை மாற்றிக்கொண்ட அன்று, "இனிமே அவ பேச்சு இந்த வீட்டுல வேணாம்" என்று சொன்னவர், சொன்னபடியே நின்றார். சில மாதங்களில் மாப்பிள்ளைக்கு அந்தக் கடலோர நாட்டில் ஓட்டல் வேலை கிடைத்தது, இருவரும் போய்விட்டார்கள். "வெளிநாடு போயிட்டாங்களாம்" என்று ஒரே ஒரு தடவை காற்றோடு பேசுவதுபோல இவர் காதில் போட்டேன். எந்த நாடு என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை.

ஆனால் மகளோடு நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன். இவர் முதல் ஷிப்டு போகிற வாரத்தில் கூடத்தில் உட்கார்ந்து பேசுவேன். இரண்டாம் ஷிப்டு வாரத்தில் மத்தியானம் வரை வீட்டில் இருப்பார் என்பதால், துணி காயப்போடுகிற சாக்கில் மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பேசுவேன். அவள் நம்பரை என் போனில் 'பால்காரர்' என்று போட்டு வைத்திருந்தேன்.

இப்போது உலகத்தில் இருக்கிற இத்தனை நாடுகளில் இவர் அந்த நாட்டை எப்படிப் பிடித்தார்? தெரிந்து கேட்கிறாரா, தெரியாமல் கேட்கிறாரா? நேராகக் கேட்டுவிடலாம்தான். கேட்டு, "ஓ, அவ அங்கயா இருக்குறா? அப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டால்? மகள் அப்போது முழுகாமல் இருந்தாள், ஐந்தாம் மாதம். அவளை அந்தக் கோலத்தில் ஒரு தடவை பார்க்க வேண்டும், குழந்தையை இந்தக் கையில் வாங்க வேண்டும். எனக்கு வேறு ஆசையே இல்லை. இதைக் கெடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு, "போலாம், அதுக்கென்ன" என்றேன்.

மகளிடம் சொன்னபோது அவள் அந்தப் பக்கம் கத்தியே விட்டாள். பிறகு, "அம்மா, அப்பாவுக்கு நான் இங்க இருக்கறது தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியலடி."

"கேளும்மா."

"கேட்டு, வேணாம்னுட்டாருன்னா நீ வந்து சமாதானம் பண்ணுவியா?" என்று அவள்மேல் பாய்ந்தேன். எனக்குக் குழப்பம் வந்தால் கோபமாகத்தான் வரும்.

அன்றிலிருந்து அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் நான் கார்மெண்ட்ஸில் செக்கிங் பிரிவில் இருந்தவள். ஒரு நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தாலும் என் கண் விடாது. ஆனால் இந்த மனிதரிடம் எது பிசிறு, எது தையல் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

முதலில் தேதி. அவர் கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை மெஷின்களை நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். அந்த ஷட்டவுன் நாட்களில்தான் எல்லோரும் லீவு எடுப்பார்கள். இவரும் வேறு நாளில் லீவு கேட்டதே கிடையாது. இந்த ஒரு தடவை மட்டும் அது வேண்டாம், ஆவணிதான் வேண்டும் என்று நின்றார். மகளுக்கு நாள் குறித்திருந்தது ஆவணி மூன்றாம் வாரம். "ஏன் ஆவணி?" என்று கேட்டேன். "அப்பதான் அங்க வெயிலு சுகமா இருக்குமாம், நெட்ல போட்டிருக்குது" என்றார். எடுத்துப் பார்த்தேன். நெட்டில் அப்படித்தான் போட்டிருந்தது.

அடுத்து ஊர். வெளிநாடு போவதற்கும் ஷிப்டு ஓட்டுவதற்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. பிரஸ் ஷாப்பில் எழுதுகிற மாதிரியே ஒரு நோட்டில் கட்டம் போட்டு நாள், நேரம், வேலை, பொறுப்பு, குறிப்பு என்று தலைப்பு எழுதினார். பொறுப்பு என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை என் பெயர்தான். வேலை என்ற கட்டத்தில் மலை பார்ப்பது, கடல் பார்ப்பது, மறுபடியும் மலை பார்ப்பது என்று இருந்தது. நான் பிறந்தது அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம் நாட்றாம்பாளையம். காலையில் கண்ணைத் திறந்தால் மலை, மூடினால் மலை. மலை பார்க்க யாராவது விமானம் ஏறுவார்களா என்று கேலி செய்தேன். அவர் "இந்த ஊர்ல நாலு நாள் இருக்கலாம்" என்று ஒரு பெயர்மேல் விரலை வைத்தார். பழைய கோட்டைச் சுவரும் படகுத்துறையும் உள்ள சின்ன ஊர். அதன் பெயர் இன்றைக்கும் என் வாயில் நுழையாது. மகள் இருப்பது அதே ஊர்.

அப்போது நான் செய்த முட்டாள்தனத்தை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. முகத்தில் சந்தோஷம் தெரிந்துவிடக் கூடாது என்று, "அங்க எதுக்கு நாலு நாள்? வேற ஊரே இல்லையா?" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "சரி, உனக்குப் புடிக்கலன்னா வேணாம்" என்று ரப்பரால் அழித்துவிட்டு வேறோர் ஊரை எழுதிவிட்டார். எனக்கு மயக்கமே வந்துவிட்டது. அழித்ததை மறுபடி எழுத வைக்க எனக்குப் பத்து நாள் ஆயிற்று. அந்தக் கோட்டைச் சுவர் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு, "என்னமா கட்டியிருக்கான்" என்று சாப்பிடும்போதெல்லாம் பெருமூச்சு விட்டேன். கடைசியில் அவரே நான்கு நாளை ஐந்தாக்கி எழுதினார். தெரிந்துதான் எழுதுகிறாரா, என் பெருமூச்சு தாங்காமல் எழுதுகிறாரா? அதுவும் தெரியவில்லை.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்த ஒரு டிராவல்ஸ் ஆபீஸுக்குப் போனோம். ஏஜென்ட் நல்ல வாயாடி. "மாண்டிநீக்ரோன்னா கருப்பு மலைன்னு அர்த்தம் சார்" என்று ஆரம்பித்தார்.

"கிருஷ்ணகிரிக்கும் அதான அர்த்தம்? அப்ப ஒரு டவுன் பஸ்ல முடியற வேலை இது" என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர் இப்படிக் கேலி பேசிக் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அங்கே காட்டில் கரடி உண்டு, தனியாக மலை ஏற வேண்டாம் என்று ஏஜென்ட் எச்சரித்தார். "சானமாவு காட்டுல ஆனை ரோட்டுல நின்னா பஸ்ஸை நிறுத்திட்டு உக்காந்திருக்கறவங்க நாங்க. கரடிக்கு ஒதுங்கத் தெரியாதா?" என்று இவர் அதற்கும் ஒன்று சொன்னார். இப்படிச் சிரித்துக்கொண்டே ஃபாரம் நிரப்பினோம். நடுவில் ஏஜென்ட் தலை நிமிராமல், "அந்த நாட்டுல சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா சார்?" என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. நாக்கு எழவில்லை. இவர் கண்ணை எடுக்கவே இல்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்ததுபோல் இப்போது தோன்றுகிறது. அப்போது, சந்தேகப்படுகிறார் என்று பயந்து குனிந்துகொண்டேன்.

"இல்லன்னு போடுங்க" என்றார் இவர்.

படி இறங்கும்போது எனக்கு அழுகை வந்தது. பெற்ற மகளை இரண்டு பேருமாகச் சேர்ந்து இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம். தெரிந்தே அப்படிச் சொல்லியிருந்தால் இவர் மனிதரே இல்லை. தெரியாமல் சொல்லியிருந்தால் நான்தான் பாவி. எது என்று தெரியாமல் பஸ்ஸில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன்.

ஆடி மாதக் கடைசி ஞாயிறு. விசா இன்னும் வரவில்லை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு, மிளகாய் காயப்போட்டிருந்ததைப் புரட்டிவிட மாடிக்குப் போயிருந்தேன். படியில் அவர் ஏறி வருகிற சத்தம் கேட்டது. கையில் என் போன். முகம் செத்துப்போயிருந்தது.

"பால்காரர் பேசினாரு" என்றார்.

என் கையிலிருந்த மிளகாய் கீழே விழுந்தது.

"போன வாரமே ஆபரேஷன் பண்ணிக் கொழந்தையை எடுத்துட்டாங்களாம். பொறந்து ஒரு வாரம் கழிச்சு, இன்னிக்கிச் சொல்றான் அவ புருசன்."

எனக்கு எதற்கு முதலில் திகைப்பது என்று தெரியவில்லை. இவர் மகளைப் பற்றி வாய் திறந்துவிட்டார் என்பதற்கா? அவள் பிள்ளைத்தாய்ச்சி என்பதை ஏற்கெனவே தெரிந்தவர்போல் பேசுகிறார் என்பதற்கா? குழந்தை பிறந்துவிட்டது என்பதற்கா? "வியாழக்கிழமைகூட நான் அவகிட்டப் பேசினேனே" என்று உளறினேன்.

"தெரியும். வயிறு உப்புசமா இருந்தா ஓமத்தண்ணி குடின்னு சொன்ன."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

அவர் தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கத்தைக் காட்டினார். பைப்புகள் கீழே இறங்குவதற்காக வீடு கட்டும்போதே விட்ட சந்து ஒன்று அங்கே உண்டு. "இங்க நின்னு நீ பேசறது கீழ பாத்ரூம்ல அப்பிடியே கேக்கும். ஒன்றரை வருசமா கேட்டுக்கினு இருக்கேன். எந்த நாடு, எந்த ஊரு, எத்தனையாவது மாசம், எல்லாம் தெரியும். நீ பேசறது மட்டுந்தான் கேக்கும். அவ பேசறது கேக்காது."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. இரண்டாம் ஷிப்டு வாரத்தில் மனிதர் ஏன் அரைமணி நேரம் குளிக்கிறார் என்று நான் சத்தம் போட்ட நாட்களெல்லாம் நினைவுக்கு வந்தன.

"நீயா ஒரு வார்த்தை சொல்லுவன்னு பாத்தேன். ஏஜென்ட் கேட்டப்பகூடப் பாத்தேன். நீ குனிஞ்சுக்கிட்ட" என்றார்.

"நீங்கதான அவ பேச்சு வேணாம்னீங்க?"

"நான்தான் சொன்னேன். நானே எப்பிடி ஆரம்பிக்கறது?" அவர் தொட்டி மேடையில் உட்கார்ந்தார். "அதுக்குத்தான் டூருன்னு ஆரம்பிச்சேன். இப்ப பொறந்து ஒரு வாரம் கழிச்சுச் சேதி சொல்றாங்க, ஏதோ தூரத்து ஒறவுக்குச் சொல்ற மாதிரி. நாம வேண்டாம்னுதான இப்பிடி? டூரை நிறுத்திடறேன்."

ஏஜென்டுக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாரும் எடுக்கவில்லை. நான் மகளுக்கு மூன்று தடவை போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. இப்போது எனக்கு மகள்மேலும் கோபம் வந்தது. வயிற்றைக் கிழித்துக்கொண்டு படுத்திருந்தவளா வியாழக்கிழமை என்னிடம், "சரிம்மா, ஓமத்தண்ணி குடிக்கறேன்" என்றாள்? ஏன் மறைத்தாள்? பெற்றவளிடமே மறைக்கும்படி நான் என்ன செய்துவிட்டேன்? குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டதா? அந்த நினைப்பு வந்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை.

எங்கேயோ பிசிறு இருக்கிறது என்று மட்டும் தோன்றியது. "அவரு சொன்னதை அப்பிடியே சொல்லுங்க. ஒரு எழுத்து மாத்தாதீங்க" என்றேன்.

"எங்குரலைக் கேட்டதும் கொஞ்சம் தடுமாறுனான். மாமா நமஸ்காரான்னான். அப்புறம், முந்தின வாரம் ஆபரேஷன் மாமா, டாக்டர் சொல்லிட்டாங்க, நீங்க பயப்பட வேணாம்னான். நான் கட் பண்ணிட்டேன்."

"கன்னடத்துலயா பேசினாரு?"

"தமிழ்லதான். கத்துக்கினான் போல, நல்லாவே பேசறான்."

"முந்தின வாரம்னா சொன்னாரு?"

"ஆமாங்கறேன்ல. எத்தனை தடவை கேப்ப?"

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "உங்க புரொடக்‌ஷன் மேனேஜரு மைசூர்க்காரருதான? அவரு முந்தின திங்களு இவ்ளோ டார்கெட்டுன்னு சொன்னா, எந்த மாசத்தைச் சொல்வாரு?"

"அடுத்த மாசத்தை" என்றவர் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

தமிழில் முந்தின வாரம் என்றால் போன வாரம். கன்னடத்தில் அதே வார்த்தைக்கு அடுத்த வாரம். எல்லை ஊரில் இத்தனை வருடம் இருக்கிற எங்களுக்கு இது தெரியாததில்லை. பெங்களூர் பஸ்ஸில் முந்தின ஸ்டாப் என்று கண்டக்டர் கத்தினால் தாண்டிப்போனதற்கா எழுந்து நிற்கிறோம்? மாப்பிள்ளை கன்னடத்திலேயே பேசியிருந்தால் இவருக்குச் சரியாகப் புரிந்திருக்கும். மாமனாருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று, இரண்டு வருடம் தன் முகத்தில் விழிக்காத மனிதரிடம், பாவம், தமிழில் பேசினார். ஒரு வார்த்தை மட்டும் அவர் ஊரிலிருந்து கூடவே வந்துவிட்டது. அதில் நாங்கள் தலைகுப்புற விழுந்தோம்.

"அப்ப கொழந்தை?" என்றார் இவர்.

"இன்னும் பொறக்கல. அடுத்த வாரம்தான்."

சந்தோஷப்படலாமா என்று பார்த்தால் அதற்கும் இடமில்லை. நாள் இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எதற்கு இப்போதே ஆபரேஷன்? அவர் என் கையிலிருந்து போனை வாங்கி, பால்காரரைத் தானே அழுத்தினார். இந்தத் தடவை எடுத்தார்கள்.

இவர் கன்னடத்தில் பேசினார். பிரஸ் ஷாப்பில் அதட்டுகிற கன்னடம் இல்லை, நான் கேட்டிராத மெதுவான கன்னடம். முதலில் "முந்தின வாரா அல்வா?" என்று கேட்டு, அடுத்த வாரம்தான் என்று உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு நிறைய ஹூம் கொட்டினார். போனைக் கையால் மூடிக்கொண்டு, "ரத்தக்கொதிப்பு ஏறிடுச்சாம். அதனால முன்னாடியே எடுக்கறாங்களாம். இப்பதான் ஆஸ்பத்திரியில ஸ்கேன் முடிஞ்சுதாம். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம்" என்று என்னிடம் சொன்னார். விசா வராமல் அடுத்த வாரத்துக்குள் நாங்கள் போய்ச்சேர வழியில்லை. அவள் நாங்கள் இருவரும் இல்லாமல்தான் பெற்றுக்கொள்ளப் போகிறாள். அது எனக்கு உறைத்ததுபோலவே அவருக்கும் உறைத்தது, முகத்தில் தெரிந்தது.

மீண்டும் போனைக் காதில் வைத்தவர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். மாப்பிள்ளை கேட்காமலே போனை அவளிடம் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. அந்தப் பக்கம் என்ன கேட்டது என்று எனக்குத் தெரியாது.

பிறகு இவர் தமிழில், "பயமா இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

அவள் ஏதோ சொன்னாள்.

"எனக்கும் இருக்குது" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அழுதார், நானும் அழுதேன். போனை என்னிடம் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. நானும் கேட்கவில்லை.